ஐயாவின் கிரிக்கெட் பேரேடு

ஐயா கிரிக்கெட் பார்ப்பதை நிறுத்தியது 2000 ஏப்ரலில். நிறுத்தப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வளவுப் பட்டாலையில் (முற்றத்தை ஒட்டிய கூடம்) டிவிக்கு நேரே கிடந்த தன் சாய்வு நாற்காலியைத் தூக்கி வெளித் திண்ணையில் போடச் சொன்னார். நானும் அப்பச்சியும், அதாவது என் அப்பாவும், தூக்கிப் போட்டோம். காற்றுக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்தோம்.

ஐயா என்றால் என் அப்பச்சியைப் பெற்றவர். அப்போது அவருக்கு 78 வயது. 15 வயதில் கோட்டையூரிலிருந்து பர்மாவுக்குக் கப்பலேறி, பெகுவில் ஒரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். 1942-ல் ஜப்பான்காரன் உள்ளே வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊர் திரும்பிய ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். "அங்கேருந்து நான் கொண்டாந்தது கணக்கெழுதுற பழக்கம் ஒண்ணுதான்" என்பார். அந்தப் பழக்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை. வீட்டுச் செலவுக்கு ஒரு சிட்டை, கோவில் காரியத்துக்கு ஒரு நோட்டு, அப்புறம் கிரிக்கெட்டுக்கென்று தனியாக ஒன்று.

பழுப்பு அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு அது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. இந்தியா ஜெயித்தால் வரவில் தேதி, ஊர், எதிரணி, ஸ்கோர் எழுதுவார். தோற்றால் அதே விவரம் பற்றில் ஏறும். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு 'டை'யில் முடிந்த டெஸ்டை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் நடுக்கோட்டின் மேலேயே எழுதியிருந்தார். சின்ன வயதில் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்களுக்குச் சேப்பாக்கம் கொஞ்சம் சொந்தம். அந்த மைதானம் யார் பெயரில் இருக்கிறதோ அந்த எம்.ஏ.சிதம்பரம், கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்துப் பிள்ளை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். 1960களின் தொடக்கத்தில் இந்திய கிரிக்கெட் வாரியத்துக்கே தலைவராக இருந்தவர். ஐயா அந்த மைதானத்தை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. டிவி வரும்வரை எல்லாம் வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையில் கேட்டதுதான். ஆனாலும் அங்கே ஆட்டம் என்றால் குளித்துவிட்டு, நெற்றியில் நீறு பூசிக்கொண்டுதான் நோட்டைத் திறப்பார்.

1999 ஜனவரி 31-ம் தேதி, பாகிஸ்தானோடு நடந்த சென்னை டெஸ்டின் கடைசி நாளை நானும் அவரும் பட்டாலையில் உட்கார்ந்து பார்த்தோம். 271 எடுத்தால் வெற்றி. 82-க்கு 5 விக்கெட். முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 எடுத்து, இன்னும் 17 ரன் இருக்கும்போது அவுட் ஆனார். மிச்சமிருந்தவர்கள் நாலு ரன்னுக்குள் போய்விட்டார்கள். 12 ரன்னில் தோல்வி. அப்புறம் பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள், மொத்தச் சேப்பாக்கமும் எழுந்து நின்று கை தட்டியது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். பற்றில் எழுதினார். பக்கத்தில் 'நல்ல ஆட்டம்' என்று இரண்டு சொல் சேர்த்தார். அந்த நோட்டில் வேறு எங்குமே அவர் கருத்து எழுதியதில்லை.

அதற்குப் பதினான்கு மாதம் கழித்து, 2000 ஏப்ரல் 7-ம் தேதி, தில்லி போலீஸ் ஒரு தொலைபேசிப் பேச்சை வெளியே சொன்னது. தென்னாப்பிரிக்காவின் கேப்டன் ஹன்சி குரோனியேவும் ஒரு சூதாட்டத் தரகரும் காசுக்கு ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது பற்றிப் பேசியது. முதலில் யாரும் நம்பவில்லை. குரோனியேவா? அவரும் மறுத்தார். நாலே நாளில், 11-ம் தேதி, தான் முழுக்க நேர்மையாக இருக்கவில்லை என்று தன் நாட்டு வாரியத்திடம் ஒப்புக்கொண்டார்.

ஐயாவை அடித்துப் போட்டது அந்தச் செய்தி மட்டும் இல்லை. அதே வருடம் ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியனில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட். மழையில் மூன்று நாள் போய்விட்டது. கடைசி நாளில் இரண்டு பக்கமும் ஒவ்வோர் இன்னிங்ஸை விட்டுக்கொடுத்து ஆட்டத்துக்கு ஒரு முடிவு கொண்டுவரலாம் என்று முன்வந்தவர் குரோனியேதான். இங்கிலாந்து 2 விக்கெட்டில் ஜெயித்தது. "தோத்தாலும் பரவாயில்ல, பாக்க வந்தவனுக்கு ஒரு ஆட்டம் வேணும்னு நெனச்சான் பாரு, அது மனசு" என்று ஐயா எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஜூனில் தென்னாப்பிரிக்காவில் நடந்த கிங் கமிஷன் விசாரணையில், அதற்கும் ஒரு தரகர் கொடுத்த பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும் இருந்தது என்று வந்தது.

அன்று இரவு திண்ணையில் என்னிடம் கேட்டார்: "அப்ப சேப்பாக்கத்துல தோத்தது?"

எனக்குச் சொரேர் என்றது. அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு அன்றும் ஒரு துளிச் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஐயாவுக்கும் இருந்திருக்காது. ஆனால் கேள்வி வந்துவிட்டது. ஒரு திருட்டு வெளியே வந்தால் அந்த ஒரு நாளின் கணக்கு மட்டும் கெடுவதில்லை. பின்னால் போய்ப் பழைய பக்கங்களையெல்லாம் அரிக்கிறது. அதிலும் வரவுப் பக்கத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை, பற்றுப் பக்கத்தைத்தான் ஒவ்வொரு வரியாகப் புரட்டுகிறார்கள். நம் அணி தோற்றபோதெல்லாம் நாம் பட்ட வலி நிஜம்தானா என்று கேட்க வைத்ததுதான் அந்த ஊழல் செய்த பெரிய கெடுதல் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்புறம் அது நம் வீட்டுக்குள்ளேயே வந்தது. நவம்பர் 1-ம் தேதி இந்தச் சூதாட்டம் பற்றிய சிபிஐ அறிக்கை. டிசம்பர் 5-ம் தேதி வாரியம் அசாருதீனுக்கும் அஜய் சர்மாவுக்கும் ஆயுள் தடை, அஜய் ஜடேஜாவுக்கும் மனோஜ் பிரபாகருக்கும் ஐந்தாண்டுத் தடை என்று அறிவித்தது. 99 டெஸ்ட் ஆடியவர் அசாருதீன். முதல் மூன்று டெஸ்டிலும் சதம், அந்த மார்ச்சில் பெங்களூரில் ஆடிய கடைசி டெஸ்டிலும் சதம். எங்கள் ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு ஆடியது அவரைப் பார்த்துத்தான். என் கூட்டாளி ஒருவன் அவர் படத்தைத் தகரப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தான். அதை அவன் கிழிக்கவில்லை. மேலே ஒரு சாமி படத்தை ஒட்டிவிட்டான்.

ஜடேஜாவின் தடையை 2003-ல் தில்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. அசாருதீனுக்குப் போட்ட தடை செல்லாது என்று 2012-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. நான் வழக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். வாரியம் பேரேட்டைத் திறந்து காட்டவில்லை. நாலைந்து பெயர்களை அடித்துவிட்டு நோட்டை மூடிக் கட்டிவிட்டது. அடிக்கப்பட்டவர்களுக்கும் அது நியாயமாக இல்லை, காசு கொடுத்துப் பார்த்தவர்களுக்கும் நியாயமாக இல்லை.

அந்த 2000-ம் வருடக் கோடையில் எங்கள் ஊருணி வற்றியிருந்தது. தண்ணீர் வற்றினால் எங்களுக்கு அதுதான் மைதானம். நாலு பக்கமும் செம்பூராங்கல் படிகள், அதில்தான் சனம் உட்காரும். மே மாதம் டென்னிஸ் பந்து டோர்னமெண்ட். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு கேட்சை விட்டேன். உயரமாக வந்த பந்து, வெயில் கண்ணில் அடித்தது, கையில் பட்டு விழுந்துவிட்டது. படியிலிருந்து ஒரு குரல்: "எவ்வளவுடா வாங்குன?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க ஒவ்வொரு தெருவிலும் கேட்ட கேள்விதான் அது. சொன்னவர் மறந்திருப்பார். எனக்கு மட்டும் அன்று இரவு சோறு இறங்கவில்லை. வாங்கவில்லை என்று எப்படிக் காட்டுவது? அடுத்த பந்தைப் பிடித்தால் ஆயிற்றா? அடுத்த ஆட்டத்தில் ஐம்பது ரன் அடித்தால் ஆயிற்றா? எதைச் செய்தாலும் அந்தக் கேட்ச் விட்டதாகத்தான் கிடக்கும்.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அப்போதுதான் அவர் பெகு கடையின் கதையைச் சொன்னார். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டிராத கதை.

அவர் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம், கடையின் மேலாள் வாடிக்கையாளர் போட்டிருந்த பணத்தைக் கணக்கில் ஏற்றாமல் எடுத்து நெல் வியாபாரத்தில் விட்டுவிட்டார். மொத்தமும் போய்விட்டது. விஷயம் கடைத்தெருவுக்குத் தெரிந்து, பணம் போட்டவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஊரிலிருந்து முதலாளி அடுத்த கப்பலில் வேறு மேலாளை அனுப்பினார். சம்பளச் சீட்டு எழுதி மூன்று வருடத்துக்கு.

"வந்தவுக எங்க கடை நல்ல கடைன்னு ஒரு வார்த்த சொல்லல தம்பி. மறுநா காலையில என்னயக் கூப்புட்டு, பேரேட்டக் கொண்டாந்து வாசப் பக்கமா பாயில விரின்னாக. போன பணம் பூராத்தையும் அந்த வருச ஐந்தொகைக் கணக்குல நட்டம்னு எழுதுனாக. மறைக்கல, அடுத்த வருசத்துக்குத் தள்ளல. பணம் கேட்டு வந்தவனுக்குப் பணம். சும்மா பாக்க வந்தவனுக்குக் கணக்கு. தெனமும் காலையில பேரேட்டத் தூக்கியாந்து விரிக்கிறது என் வேல."

"எப்ப ஐயா சரியாச்சு?"

"மொத ரெண்டு வருசம் புதுசா ஒருத்தன் ஒரு ரூவா போடல. மூணாவது வருசம் கடைசியில ஒரு பர்மாக்காரப் பொம்பள வந்து அம்பது ரூவா போட்டா. அன்னைக்கு மேலாள் எனக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுத்தாக."

நாணயம் என்றால் எங்கள் பக்கம் காசும் அதுதான், சொன்ன சொல் மாறாமல் இருப்பதும் அதுதான். அந்த மூன்று வருடக் கடைசியில் நாணயம் திரும்பி வந்தது ஐம்பது ரூபாயாக.

2001 மார்ச் 15, பங்குனி 2. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவிலில் மாசி பங்குனித் திருவிழாக் காலம். செக்காலை ரோட்டில் ஒரு எலெக்ட்ரிக் கடை முன்னால் நூறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தொடருக்கு முன் ஆஸ்திரேலியா தொடர்ந்து 15 டெஸ்ட் ஜெயித்திருந்தது, மும்பையில் மூன்றே நாளில் நம்மைத் தோற்கடித்து அதை 16 ஆக்கியது. கொல்கத்தாவில் நாம் 171-க்குச் சுருண்டு பாலோ ஆன், அதாவது உடனே மறுபடியும் நாமே பேட் செய்ய வேண்டிய நிலை. அப்புறம் லட்சுமண் 281, திராவிட் 180. இரண்டு பேரும் சேர்ந்து 376. நாலாம் நாள் முழுக்க ஒரு விக்கெட் விழவில்லை. கடைசி நாளில் ஹர்பஜன் மெக்ராத்தை எல்பிடபிள்யூ எடுத்ததும், கடைக்காரர் டிவி மேல் கற்பூரம் ஏற்றப் போய்விட்டார்.

டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஐயா திண்ணையில் இருந்தார்.

"ஐயா, பாலோ ஆன் வாங்கி ஜெயிச்சுட்டோம்!"

"சத்தம் கேட்டுச்சு."

"நோட்ட எடுக்கவா?"

"இருக்கட்டும். ஜெயிச்சவன்கிட்ட எவன் கணக்குக் கேக்கப் போறான்?"

எனக்கு அன்று அவர் மேல் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் கழித்துச் சேப்பாக்கத்தில், அவருடைய சேப்பாக்கத்தில், 155 ரன்னைத் துரத்தி 8 விக்கெட் விழுந்து, ஹர்பஜன் கடைசி ரன்னை அடித்துத் தொடரை வென்றபோதும் நோட்டு அலமாரியில்தான் இருந்தது. கொல்கத்தாவில்தான் இந்திய கிரிக்கெட் மீண்டது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அணியின் தைரியம் அங்கே மீண்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம்பிக்கை வேறு. ஊரே ஆடிக் களித்துக்கொண்டிருந்த அன்று ஒரு கிழவர் திண்ணையை விட்டு நகரவில்லை. அவர் எதற்குக் காத்திருந்தார் என்பது எனக்கு அடுத்த வருடம்தான் கொஞ்சம் புரிந்தது.

2002 மே, ஆன்டிகுவா டெஸ்ட். அதற்குள் ஐசிசி ஊழல் தடுப்புப் பிரிவு அமைத்திருந்தது, வீரர்கள் அறைக்குள் செல்போனுக்குத் தடை வந்திருந்தது. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஐயாவின் நாற்காலியை நகர்த்தியது ஒரு புகைப்படம். பேட்டிங்கில் தாடையில் பந்து பட்டு எலும்பு உடைந்திருந்த கும்ளே, தலையைச் சுற்றித் துணிக்கட்டோடு பந்து போடுகிற படம். தொடர்ந்து 14 ஓவர் வீசினார். லாராவை எல்பிடபிள்யூ எடுத்தார். அடுத்த நாள் அறுவை சிகிச்சைக்காக ஊருக்கு விமானம் ஏறினார். அந்த ஆட்டம் டிரா. அவருக்கு அதில் கிடைக்க ஒன்றும் இல்லை.

ஐயா பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "பல்வலிக்கே நாம ரெண்டு நாள் படுத்துக்கிறோம்" என்றார். அன்று சாயந்தரம் நாற்காலி திண்ணையிலிருந்து நிலைவாசலைத் தாண்டி உள்ளே நடைக்கு வந்தது. அங்கிருந்து டிவி தெரியாது, சத்தம் கேட்கும்.

கும்ளே, திராவிட், ஸ்ரீநாத், லட்சுமண், டெண்டுல்கர், கங்குலி. இவர்கள் யாரும் 'நாங்கள் யோக்கியர்கள்' என்று மேடை போட்டுப் பேசவில்லை. திருடர்கள் என்று தெருவெல்லாம் கேலி பேசிய ஓர் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அந்தச் சந்தேகத்துக்கு முன்னால் இறங்கி ஆடினார்கள். அவர்கள் செய்யாத தப்புக்கு அவர்கள் வட்டி கட்டினார்கள். அவர்களோடு ஜலந்தரிலிருந்தும் நஜப்கரிலிருந்தும் அலகாபாத்திலிருந்தும் சின்னப் பையன்கள் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த முதல் பயிற்சியாளராக ஜான் ரைட் கூட இருந்தார். பேரேடு தினமும் வாசலில் விரிந்து கிடந்தது.

2003 உலகக் கோப்பையில், பிப்ரவரி 15-ம் தேதி, ஆஸ்திரேலியாவிடம் 125-க்கு ஆல் அவுட். ஊரெல்லாம் கொடும்பாவி. அலகாபாத்தில் கைஃபின் வீட்டைத் தாக்கினார்கள். அது அயோக்கியத்தனம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. மறுநாள் காலை எங்கள் ஊர் டீக்கடையிலும் ஒரே வசவு. பெஞ்சில் இருந்த ஒருவர் பழைய வழக்கத்தில், "வாங்கிருப்பானுக" என்றார். பக்கத்தில் இருந்தவர் உடனே, "சும்மா இருப்பா. இவனுகளப் போயி" என்றார். ஆடத் தெரியாதவன், சோம்பேறி, விளம்பரத்தில் நடிக்கத்தான் லாயக்கு என்று அவரே அதற்கு முன் பத்து நிமிடம் திட்டியிருந்தார். ஆனால் இது மட்டும் கூடாது.

வீட்டில் வந்து ஐயாவிடம் அப்படியே சொன்னேன். "இவனுகளப் போயின்னா சொன்னான்?" என்று இரண்டு தடவை கேட்டார். சாப்பிட்டுவிட்டு, நாற்காலியைப் பட்டாலையில் பழைய இடத்தில் போடச் சொன்னார். அப்பத்தா ஒன்றும் பேசாமல் அந்த இடத்தைக் கூட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு நாம் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்ததும், மார்ச் 1-ம் தேதி பாகிஸ்தானை டெண்டுல்கர் 98 அடித்துத் துவைத்ததும் எல்லாருக்கும் தெரியும். எட்டையும் ஐயா பட்டாலையில் உட்கார்ந்து பார்த்தார். எட்டுக்கும் நோட்டைத் தொடவில்லை.

மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. ஜோகன்னஸ்பர்க்கில் இறுதி ஆட்டம். பட்டாலையில் பதினைந்து பேர். டாஸ் ஜெயித்த கங்குலி பந்து வீசுவதாகச் சொன்னார். ஜாகீர் கான் முதல் ஓவரிலேயே 15 ரன் கொடுத்தார். "பய படபடன்னு இருக்கான்" என்றார் அப்பச்சி. "பிட்ச் ஈரம்னு நெனச்சிட்டாரு" என்றார் எதிர்வீட்டு அண்ணன். பான்டிங் 140, மார்ட்டின் 88, இரண்டு பேரும் கடைசிவரை அவுட் இல்லை. 359. நடுவில் மழை வந்தபோது எல்லாரும் வேண்டிக்கொண்டோம், மழை நின்றுவிட்டது. சேவாக் மட்டும் 82. ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். கடைசி விக்கெட் விழும்போது நானும் ஐயாவும்தான் இருந்தோம். எனக்கு அழுகை வந்தது. ஐயா பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

பிறகு, "அந்த நோட்ட எடு" என்றார்.

அலமாரியில் கோவில் நோட்டுக்குக் கீழே கிடந்தது. தூசியைத் தட்டிக் கொடுத்தேன். கடைசியாக எழுதியிருந்த பக்கத்துக்குப் பிறகு விடாமல் அடுத்த பக்கத்திலேயே கோடு போட்டார். கை நடுங்கியது, கோடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. வரவுப் பக்கத்தை வெறுமையாக விட்டு, வலப்பக்கம் மெதுவாக எழுதினார்.

23.3.2003. ஜோகன்னஸ்பர்க். ஆஸ்திரேலியா 359-க்கு 2. இந்தியா 234. பற்று 125.

மை காயும்வரை நோட்டை மடியிலேயே திறந்து வைத்திருந்தார். அப்புறம் என்னிடம், "அடுத்த ஆட்டம் எப்பன்னு காலையில பேப்பர் பாத்துச் சொல்லு" என்றார்.